தலைவர் சோதித்துக் காட்டிய பம்ப்

அன்புச் சின்னுவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கள் மருத்துவக் கருவிப் பொறியாளர் சங்கத் தலைவரை மன்னித்து விட்டுவிடும்மா என்று போனில் கெஞ்சினாயே, விடவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் என் மேலதிகாரியாக இருந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. மருந்து ஏற்றும் பம்ப் ஒன்று இரண்டு மணி நேர மருந்தை இருபது நிமிடத்தில் ஏற்றிவிட்டது, நோயாளி பிழைத்ததே பெரிது. சோதித்தாயிற்று என்ற ஸ்டிக்கரில் கையெழுத்து அவருடையது. ஆனால் அந்தப் பொண்ணு டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொன்னா, நம்பிப் போட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லி என்னை வெளியே அனுப்பினார். நான் அப்படிச் சொல்லவே இல்லை, பதினொரு வருடம் அந்தப் பழியோடு இருந்தேன்.

இந்த ஞாயிறு, கல்லூரிப் பிள்ளைகளை நம் துறைக்கு இழுக்கச் சங்கம் நடத்திய கூட்டம். நிகழ்ச்சி நிரல் என் பொறுப்பு, தலைவர் ஒரு பம்பைச் சோதித்துக் காட்டுவார் என்று நானே சேர்த்தேன். பசங்க பாக்கட்டும்மா, அனுபவம்னா என்னன்னு என்று பூரித்துப் போனார். மேடையில் பம்ப், அளவுக் குடுவை, ஸ்டாப்வாட்ச் எல்லாம் வைத்தேன், ஸ்டிக்கர் தாளை வேண்டுமென்றே அவர் கைக்கு எட்டும்படி. மைக்கில் பேசிக்கொண்டே ஸ்டிக்கரை உரித்தார், தேதி போட்டார், கையெழுத்திட்டார், ஒட்டித் தட்டிக் கொடுத்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி, சார், இன்னும் பம்பை ஆன் பண்ணவே இல்லையே என்றாள். அரங்கமே சிரித்தது, அவரும் சிரித்து, பழக்கதோஷம்மா, எப்பவும் ஒட்டிட்டுத்தான் மத்ததெல்லாம் என்றார். நான் எழுந்து, அந்தப் பழைய பம்பின் பதிவேட்டு நகலைத் திரையில் காட்டினேன்: அவர் கையெழுத்து, சோதனை அளவு எழுத வேண்டிய கட்டம் காலி. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து அவர் வராந்தாவுக்கு என்னைத் தேடி வந்து, கேட்டிருந்தா தனியா மன்னிப்பு கேட்டிருப்பேனேம்மா என்றார். தனியாவா சார், என்னை எல்லார் முன்னாடியும்தானே அனுப்பினீங்க என்றேன். செவ்வாய்க்கிழமை சங்கம் விசாரிக்கிறது, என் பெயரிலிருந்த பழியை எழுத்தில் நீக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காரப் போகிறேன். அம்மா கல்நெஞ்சக்காரி என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், ஞாயிறன்று நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

பல் வலியை வளர்க்காதே, இந்த வாரமே டாக்டரைப் பார். நாளை இதே வேலையில் நீ தொடும் கருவி எதுவும் யாரையும் நோகடிக்காமல், நீ நூறாண்டு நன்றாக இரு.

கோபம் பாதி தீர்ந்த,
உன் அம்மா