பன்னிரண்டாவது கசெட்

ரானுயி, ஓக்லாந்து
13.10.1996

அன்புள்ள கம்சாயினிக்கு,

நான் சுகம். நீரும் மாமியும் சுகமென்று கடிதத்தில் கண்டேன். மற்றதையும் கண்டேன்.

வேலைத்தலத்தில் இரண்டு வீடியோ டெக்கை ஒன்றோடொன்று பூட்டி, அந்தப் பழைய பன்னிரண்டு பாக முகமூடி வீரன் படத்தை மாதம் ஒரு பாகமாகப் பதிந்து அனுப்பியது சும்மா அல்ல. ஒவ்வொரு பாகமும் அவன் சாகப்போகிற இடத்தில் நிற்கும். எப்படித் தப்புவான் என்று நீர் எழுத வேண்டும், பிறகுதான் அடுத்தது. கலியாணமாகிப் பதினாறாம் நாள் பிரிந்த நமக்கு எழுத வேறு என்ன இருந்தது? ஆறு முறை பிழையாக எழுதினீர். எனக்கு அது பிடித்திருந்தது.

ஏழாவதற்குச் சரியாக எழுதியிருக்கிறீர். நாலு வரி தள்ளிக் காரணமும் வருகிறது: வீட்டுக்காரரின் மகன் பாஸ்கரன் தன் வீடியோக் கடையிலிருந்து கொண்டுவந்து, மாமியும் நீரும் அவருமாக ஒரே ஞாயிறில் பதினோராம் பாகம் வரை பார்த்தீர்களாம். கடைசிக் கசெட்டை ஆரோ வாடகைக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். 'பாஸ்கரன் அண்ணை நல்ல பகிடி, ஒரே சிரிப்பு' என்றும் ஒரு வரி. அதை எனக்கு ஏன் எழுதினீர்?

நான் டெக் திருத்துகிறவன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தெரியும். நாலாம் பாக முடிவில் கார் அவனோடுதான் மலையிலிருந்து விழுகிறது. ஐந்தாம் பாகத் தொடக்கத்தில், விழமுதல் குதித்துவிடுகிறான். அந்தக் குதிப்பு பிறகு செருகினது. உம்முடைய கடிதங்களையும் அப்படி ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில், விசா மெடிக்கலுக்குத் தனியே பஸ்ஸில் போய்வந்தேன் என்கிறீர். இப்போது, மெடிக்கல் முடிந்து வரும்போது மோட்டார்சைக்கிள் காற்றுப்போய் வெள்ளவத்தை வீடு வரை நடந்தீராம். பஸ்ஸில் போனவருக்கு மோட்டார்சைக்கிள் எங்கிருந்து வந்தது?

அறையில் கூட இருக்கும் விநாயகமூர்த்தி அண்ணையிடம் சொன்னேன். "முகமூடி போட்டவனைப் பற்றி நீ கவலைப்படேல்லை, முகமூடி போடாதவனைப் பற்றி எல்லோ" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசா கிறிஸ்மஸுக்கு முன் வரும் என்கிறார்கள். பக்கத்து ஊர் மாசியில் ஒரு சிறிய வீடு வாடகைக்குப் பேசியிருக்கிறேன். கதிரை இரண்டு வாங்கியாயிற்று.

பன்னிரண்டாவது என்னிடம் இருக்கிறது. நானே இன்னும் பார்க்கவில்லை. பாஸ்கரனின் கடைக்கும் அந்தக் கடைசிக் கசெட் திரும்பி வரும். அவர் கொண்டுவந்து நீட்டுவார். பார்க்க வேண்டாம். மாமி கேட்டால் தலையிடி என்று சொல்லும். ஒன்றையாவது இருவரும் சேர்ந்து முதல்முறை பார்க்க வேண்டும்.

பிள்ளையார் உம்மைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். அதுவரை எங்கே போனாலும் பஸ்ஸில் போம்.

உம்முடைய,
பிருந்தன்