மணல் அடைத்த முகத்துவாரம்

அன்புள்ள பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். மற்றதைப் படிக்கும்போது உங்களுக்குப் படபடப்பு வரக்கூடாது என்று இதை முதலில் எழுதிவிட்டேன். கப்பல் கம்பெனி ஆபீஸ் வழியாக இது ஈமெயிலில் உங்கள் கப்பலுக்கு அவசரமாக வருகிறது. கிடைத்ததும் எனக்கு வேண்டாம், உங்கள் தம்பிக்குப் போன் போடுங்கள்.

காயல் கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. வருடா வருடம் அடைப்பதுதான், மழை வந்தால் ஆறே தள்ளித் திறந்துவிடும். இந்த முறை திட்டு உயரமாக ஏறிவிட்டது. மழையும் விடவில்லை. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை, டீ போடலாம் போலிருக்கிறது.

உயிர் நண்டு அனுப்பும் கூடைக்குள் மெத்தையாக வைப்போமே, நாடா மாதிரி நீளமான புல், அது செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு உப்பும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். இப்போது இரண்டும் இல்லை. தண்ணீர் கலங்கி, அடியில் ஒரே இருட்டு. போதாக்குறைக்கு வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்ததில், தலைமுடி போலப் பச்சைப் பாசி மேலே போர்வையாகப் படர்ந்துவிட்டது. புல் கிடைக்காததால் நம் கிடங்கில் வேலை செய்யும் பெண்கள், ஈரமாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பாசியையே வைத்துக் கூடை கட்டிவிட்டார்கள். லாரி போய்ச் சேர்வதற்குள் பாசி அழுகிச் சூடேறி, பாதி நண்டு போய்விட்டது. வாங்குகிறவர் போனில், "என்னம்மா, இந்தத் தடவை அவிச்சே அனுப்பிட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காயலில் குச்சி நட்டுச் செடி கணக்கெடுக்கும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். மணலுக்கு அடியில் கடல் தண்ணீர் கசிவதால், முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமில்லாத இடத்தில் மட்டும் புல் உயிரோடு இருக்கிறதாம். குஞ்சு நண்டு முழுக்க அங்கேதான். கடல் இறங்கியிருக்கும் இப்போது மணல் திட்டை வெட்டித் திறந்தால் காயல் ஒரே மூச்சில் வடிந்து, அந்தப் புல்லும் வெயிலில் காய்ந்துவிடும். அமாவாசைக்குக் கடல் ஏறும்போது வெட்டினால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வடிவதும் மெதுவாக இருக்கும். "வேர் தங்கினா போதும்க்கா, மத்ததைப் புல்லே பாத்துக்கும்" என்றாள்.

உங்கள் தம்பி அமாவாசை வரை பொறுக்கமாட்டான். காயல் ஏறி அவன் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நான் எடுத்துச் சொன்னதற்கு, "நண்டுக்கு வீடு போயிடும்னு கவலைப்படுறீங்களே அண்ணி, எனக்கு வீடு வேண்டாமா?" என்று கேட்டான். நம் ஐஸ் கிடங்கின் மாடியை ஒழித்துக் கொடுத்தேன். அவன் மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், அவன் வரவில்லை. நான் வியாபாரத்துக்காகப் பேசுகிறேனாம், தெருவே சொல்கிறது. ஆமாம், வியாபாரத்துக்காகத்தான். நண்டு இல்லாவிட்டால் அவன் வலையில் மட்டும் என்ன விழும்?

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். இரும்புக் கடையில் இருந்த மண்வெட்டி எல்லாவற்றையும் நானே வாங்கிவிட்டேன். கடைக்காரர், "கிணறு வெட்டப் போறீங்களா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் உங்கள் தம்பி கிடங்கு வாசலில் வந்து நின்று, "மண்வெட்டியை வாங்கிட்டீங்க, என் கையையும் வாங்குவீங்களா?" என்று கத்திவிட்டுப் போனான்.

இன்று காலை அவன் வீட்டுப் பின்சுவர் சரிந்து விழுந்தது. பிள்ளைகள் வழக்கமாகப் படுக்கும் மூலை அது. போய்ப் பார்த்தேன். அதற்குமேல் பொறுத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை வெட்டப் போகிறானாம், தனியாகவே.

முன்பு ஒருமுறை வெட்டியபோது உங்கள் அப்பா நின்ற மணல் அவரோடு சேர்ந்து கரைந்து போனதை நீங்கள் இரண்டு பேரும் கரையிலிருந்து பார்த்தவர்கள். நம் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புல் போனால் போகட்டும். கடலிலிருந்து விதை வந்து எத்தனை வருடம் கழித்தாவது முளைக்கும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். அதுவரை கருவாடு விற்றாவது பிழைத்துக்கொள்வேன்.

மண்வெட்டிகளை அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கூடவே படகு கட்டும் கயிறு ஒன்றும் வைத்திருக்கிறேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான், அண்ணன் சொன்னால் தட்டமாட்டான். மறுமுனையை யார் பிடிப்பார்கள் என்று கேட்டால், யாரோ பிடிப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நான் என்று சொல்லிவிடாதீர்கள், கட்டாமலே இறங்கிவிடுவான்.

எப்போதும் உங்கள் நலம் வேண்டும்,
உங்கள் மனைவி