டாக்டரம்மா பதவி இறங்கினாள்

தன்தா, எகிப்து,
சனிக்கிழமை

என் கண்ணே நாதிர்,

அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அப்பாவும் இங்கே நலமாக இருக்கிறோம், என் இடுப்பு மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நீ அங்கே ஈரமில்லாத காலுறை போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எழுதினால் எங்கள் நலம் முழுசாகிவிடும். இதோடு வரும் பொட்டலத்தில் காய வைத்த முலுக்கியாக் கீரை இருக்கிறது. பூண்டை நன்றாகச் சிவக்க விட்டுக் கொட்டு, போன தடவை மாதிரி தளதளவென்று கொதிக்க வைத்துக் கீரை முழுவதும் அடியில் போய் உட்காரும்படி செய்யாதே. போனில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் உன்னோடு போனில் பேச ஆரம்பித்தால் உன் அப்பா அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தையும் புரட்டாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன், இங்கே டென்மார்க்கில் காட்டோரம் ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அவர் மனசு ஆறவில்லை என்றால் பெருநாளுக்கு வர மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். நான் சோறு வைத்துப் பாதி சுற்றிய திராட்சை இலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். உன் ராஜினாமாவைச் சொன்னாயே, என் ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாயா? நீ பிறந்ததிலிருந்து இந்தத் தெருவுக்கு நான் நாதிரம்மா. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று கட்டடமே குலவையிட்டது. நீ கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே, அன்று சாயங்காலமே ரொட்டிக் கடையில் டாக்டரம்மாவுக்கு வழி விடுங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் நான் நின்றதே இல்லை. அது மட்டுமா, ஹஜ்ஜுக்குப் போய் ஹாஜா ஆகி வந்த மேல்மாடி தவ்ஹீதாவுக்கு முழங்கால் வலித்தால் என்னிடம் வருவாள், அவள் மருமகளுக்குத் தலை சுற்றினால் என்னிடம் வருவாள், நானும் சளைக்காமல் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சோம்பு போட்ட வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்புவேன். இதுவரை யாரும் சாகவில்லை. மகனைவிட நீதான் அதிக நோயாளிகளைப் பார்க்கிறாய் என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பெருநாளுக்கு மொட்டை மாடியில் ஆடு அறுக்கும்போது கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் முன்னால் நிற்க முட்டி மோதுவார்கள், நீ குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருப்பாய், ஆட்டின் சத்தம் காதில் விழக் கூடாதாம். அதைப் பார்த்துவிட்டுமா உன்னை மருத்துவத்தில் சேர்த்தார்கள் என்று அங்கே உன் நண்பர்கள் கேட்டால் அவர்களுக்குப் புரியும்படி சொல். எங்கள் ஊரில் என்ன ஆகப் போகிறாய் என்று பிள்ளையிடம் கேட்பதில்லை, மதிப்பெண்ணிடம் கேட்போம். அவ்வளவு மதிப்பெண் வந்த பிறகு வேறு படிப்பில் சேர்ந்தால் மதிப்பெண் வீணாகிவிடும், அது சமைத்த சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. கல்வி எதற்கு என்று உங்கள் பள்ளியில் பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசினார்களாமே. பிள்ளை சந்தோஷமாக இருக்க என்றார் ஒருவர், நாலு பேரோடு ஒத்துப்போக என்றார் இன்னொருவர், கடைசிவரை முடிவாகவில்லை என்றாய். என்னைக் கூப்பிட்டிருந்தால் காப்பி ஆறுவதற்குள் கூட்டத்தை முடித்திருப்பேன். ஹாஜா தவ்ஹீதாவின் மகனைவிட ஒரு மதிப்பெண்ணாவது அதிகமாக வாங்குவதற்கு, வேறு எதற்கு.

உன் அப்பாவிடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வேக வைத்து மசித்த அவரை ஃபூலும் ரொட்டியும் வயிறாரச் சாப்பிட்ட பிறகு சொன்னேன், பசியோடு இருக்கும் மனிதரிடம் சொல்லக் கூடாது என்று. கேட்டுவிட்டுத் தட்டை ரொட்டித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், தட்டில் ஒன்றும் இல்லை. பிறகு, "நான் உக்காந்த நாற்காலியில அவன் உக்காரக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சேன்" என்றார். நாற்பது வருஷம் அரபு இலக்கணம் நடத்திய மனிதர், தெருவில் இறங்கினால் மீசை நரைத்த பழைய மாணவர்கள்கூட உஸ்தாத் வருகிறார் என்று சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார்கள். அவர் மனசுக்குள் வாத்தியார் வேலை என்பது மகனுக்கு ஒட்டிவிடக் கூடாத நோயாக இருந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரே தலையணையில் படுத்தும் தெரியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அப்புறம் உன் அப்பாவால் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா? செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. "எழுத்துகூடச் சொல்லித் தராம அப்படி என்னதான் சொல்லித் தர்றான் அவன்?" என்றார். மரம் ஏறச் சொல்லித் தருகிறானாம் என்றேன். "யாரு, அவனா? ஏணியில ரெண்டு படி ஏறினா கண்ணை மூடிக்கிறவனா?" என்று கேட்டார். மழை பெய்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட மாட்டார்களாம், வெளியே அனுப்புவார்களாம் என்றேன், குச்சி சீவ நாலு வயசுப் பிள்ளை கையில் கத்தி கொடுப்பார்களாம் என்றேன். அதையெல்லாம்கூட அந்த ஊர் வழக்கம் என்று தாங்கிக்கொண்டார். பிள்ளைகள் உன்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வாய் தவறிச் சொன்னேன் பார், அதுதான் வினை. நீ மருத்துவத்தை விட்டாய் என்றபோது உட்கார்ந்தே இருந்த மனிதர் இதற்கு எழுந்து நின்றுவிட்டார். "நாதிரா? வெறும் நாதிரா? இங்க குழாய் ரிப்பேர் பண்ண வர்றவனையே இஞ்சினியர்னு கூப்பிடறோம், என் மகனுக்கு ஒரு உஸ்தாத் கெடையாதா?" என்று கேட்டுவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் என்ன செய்வேன். நீ அனுப்பிய படத்தைப் போனில் திறந்து அவர் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு சமையலறைக்குப் போனேன். அதுதான், நீ சேறும் சகதியுமாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்க, உன் தோளில் ஒரு பொடிசு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிற படம். கதவு இடுக்கில் பார்த்தேன், இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கி முதலில் உன் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் போனார், அங்கேயே நின்றுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஹாஜா தவ்ஹீதா வந்தாள். "டாக்டரம்மா, இந்த முழங்கால் மாத்திரையைப் பத்தி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்" என்றாள். அவன் டியூட்டியில் இருக்கிறான் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உன் அப்பா பைஜாமாவோடு வாசலுக்கு வந்துவிட்டார். "அவன் இப்ப டாக்டர் இல்ல ஹாஜா. வாத்தியார்" என்றார். ஹாஜா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள். "அவனாத்தான் விட்டான். இங்க பாருங்க" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நான் உள்ள நுழைஞ்சா எழுந்து நின்ன பிள்ளைங்க ஆயிரம் இருக்கும். ஒண்ணாவது என் தோள்ல இப்படித் தூங்கியிருக்கா?" என்றார். கடைசி வார்த்தையில் குரல் பிசிறிவிட்டது, இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. ஹாஜா படத்தை நிதானமாகப் பார்த்தாள். "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, துடைக்கச் சொல்லு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அது சரி, இனிமே உன்னை நான் என்னன்னு கூப்பிடறது?" என்று கேட்டாள். படியேறப் போனவள் பாதியில் நின்று, முழங்காலுக்குச் சோம்பு வெந்நீரையே குடிக்கவா என்று கேட்டுக்கொண்டு போனாள், ஆக என் வைத்தியத்துக்குக் குறைவில்லை. மறுநாள் ரொட்டிக் கடையில் வரிசையில்தான் நின்றேன். வெயில் கொஞ்சம் அதிகம், மற்றபடி ஊர்க் கதை எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது, இவ்வளவு நாள் வீணாக்கிவிட்டேன்.

ஆகவே நீ பெருநாளுக்கு வருகிறாய், மறுபேச்சு வேண்டாம். அங்கே பிள்ளைகள் உன்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், இந்தத் தெருவில் நீ உஸ்தாத் என்று உன் அப்பா முடிவு செய்துவிட்டார். கீழேயிருந்து யாராவது உஸ்தாத் என்று கூப்பிட்டால் பால்கனியில் இரண்டு பேர் எட்டிப் பார்க்கப் போகிறீர்கள், அதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆடு அறுக்கும்போது வழக்கம்போல் குளியலறை உனக்குத்தான், பாட்டை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டு வா. அல்லாஹ் உன் கைகளுக்கும் உன் தோளுக்கும் பலம் கொடுக்கட்டும், நீ ஏறுகிற மரங்களின் கிளை முறியாமல் இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் மூக்கைத் துடைக்க மறக்காதே, ஹாஜா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் அம்மா,
மறுபடியும் நாதிரம்மா