சங்கொலி முடியுமுன் பறந்த நாரைத்தேர்

மலை வாழ்க. மழை வாழ்க. இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் நுரையாறு வாழ்க.

கார்மலை நாட்டின் முகில்களுக்கெல்லாம் உரிமையுடையவரும், அருவிகளின் தாயும், நுரையாற்று மதகின் திறவுகோலைத் தம் திருக்கரத்தில் தாங்கியவருமான அரசியார் தேன்கோதையார் திருமுன்பு, எண்டிசையும் வென்றவர் என்று தம் கல்வெட்டுகளில் காணப்படுபவரும், வெண்ணெல் நாட்டை ஆள்பவருமான மன்னர் அலங்கல்வேளாரின் ஆணையால் ஓலைநாயகம் வணங்கி எழுதுவது. மன்னருக்கு இன்னும் பல பட்டங்கள் உண்டு. ஓலையின் அகலம் கருதி அவை நிறுத்தப்பட்டன.

இங்கு மன்னர் நலம். பட்டத்து யானை நலம். நாற்றங்கால் நலமில்லை. அது ஏன் நலமில்லை என்று சொல்லவே இந்த ஓலை.

ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுநிலவன்று, கார்மலை நாட்டு மதகு அதிகாரியும் வெண்ணெல் நாட்டுத் தூதரும் நுரையாற்றில் இடுப்பளவு நீரில் நின்று, தத்தம் நாட்டுக் குடத்து நீரை ஒருவர் கையில் மற்றவர் வார்ப்பது அரசியார் அறிந்த வழக்கம். கதிரவன் மறையுமுன் கைந்நீர் வார்த்தால் மதகு திறக்கும். இல்லையேல் அடுத்த ஆனி வரை திறக்காது. இவ்வாண்டு அந்நாள் மேலும் பெரியதாயிருந்தது. தாங்கள் மதித்துப் போற்றும் மதகு அதிகாரி எழினியார் அன்றோடு பதவி விட்டிறங்குவதாகவும், தம் பின்னவரின் கையில் நம் தூதர் கண்ணந்தையாரின் கையை நீருக்குள் வைத்தே ஒப்படைத்துவிட்டுச் செல்வதாகவும் ஏற்பாடு. எழினியாரும் கண்ணந்தையாரும் தலை நரைக்குமுன்பே அந்த ஆற்றில் நிற்கத் தொடங்கியவர்கள். சடங்கு முடிந்ததும் எழினியார் வீட்டுப் புளிச்சோற்றைக் கரைப் பாறையில் பிரித்து வைத்து, இரு நாட்டு முடியுடையோரைப் பற்றியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே உண்பது அவர்கள் தனியே வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த ஆற்றுக்குக் கண்ணந்தையார், நாரைகள் பூட்டி வானில் பறக்கும் நாரைத்தேரில்தான் செல்வார். நாரைத்தேரை நடத்தும் வான்வழிக் குழுவின் தலைவர் தித்தனார், சென்ற கோடையில் மீன் விலை ஏறிவிட்டதென்று சொல்லி, நாரைகளுக்கான தீனிக்கூலி என்று ஒன்றைப் பயணிகள்மேல் விதித்தார். கார்காலத்தில் மீன் மலிந்தது; கூலி மலியவில்லை. அதன்பின் சாளரத்தின் அருகே அமரச் சாளரக்கூலி வந்தது. முழங்காலை மடக்காமல் அமரக் கால்நீட்டுக்கூலி வந்தது. மேலாடையைத் தவிர எதைக் கொண்டுவந்தாலும் மூட்டைக்கூலி என்றார்கள். கணவனும் மனைவியும் அருகருகே அமர வேண்டுமாயின் துணைக்கூலி என்றார்கள். அதைக் கட்டாமலே சில தம்பதியர் மிக அமைதியாகப் பயணம் செய்து மீண்டதாகவும் செய்தி வந்தது. மன்னரிடம் எந்தக் கூலியும் கேட்பாரில்லை ஆதலால், கூலி என்று ஒன்று இருப்பதே மன்னருக்குத் தெரிய வழியில்லாமல் போயிற்று.

அடிக்கடி பறப்போருக்குக் குழு பொன்முலாம் பூசிய இறகொன்றைத் தலைப்பாகையில் சூட்டும். இறகுடையார் செங்கம்பளத்தில் நடந்து முதலில் ஏறுவர். மற்றவர் வெயிலில் நிற்பர். பின்பு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரே தேர் ஒரே நேரத்தில் புறப்படும். இந்தப் பெருமையை நம் பெரியோர் பலர் உயிரினும் மேலாகக் கருதுவர். கண்ணந்தையாரும் கருதினார். வீட்டில் உறங்கும்போதும் தலைப்பாகையை ஆணியில் மாட்டாமல் தலைமாட்டில் வைத்துக்கொள்வார் என்று அவர் மனைவி மருதியார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கூலிகள் இறகில்லாத பொதுமக்கள்மேல் மட்டும் விழுந்தபோது இறகுடையார் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தித்தனார், இனி ஒற்றை இறகுக்கும் கூலி உண்டு, இரட்டை இறகு பெற்றவருக்கு மட்டுமே விலக்கு என்று பறையறைவித்தார். அன்று மாலையே இறகுடையார் அனைவரும் நாரைத்துறையில் கூடி, இது கொடுங்கோன்மை என்றும், மானமுள்ளவர் இனித் தேரில் கால்வைக்க மாட்டார் என்றும் கண் சிவக்க உரையாற்றினார்கள். கண்ணந்தையாரின் உரையே எல்லாவற்றிலும் உருக்கமானது என்பர். கூட்டம் கலைந்ததும், இருட்டிவிட்டதாலும் ஊர் தூரமாயிருந்ததாலும், அனைவரும் நாரைத்தேரிலேயே வீடு திரும்பினர்.

மறுநாளிலிருந்து ஒருவருக்கும் தெரியாமல் ஒவ்வொருவரும் இரட்டை இறகுக்குப் பறக்கத் தொடங்கினார். எத்தனை துறையில் இறங்கினோம் என்பதே இறகுக்குக் கணக்கு. ஆகவே வேலை ஒன்றுமில்லாத ஊரில் இறங்கி, ஒரு குவளை பானகம் குடித்து, அடுத்த தேரில் திரும்பி வந்தார்கள். வழியில் ஒருவரையொருவர் கண்டபோது, உறவினர் வீட்டு விசேஷம் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பருவத்தில் நம் நாட்டில் நடந்த விசேஷங்களுக்கு அளவில்லை.

ஆனி முழுநிலவு வந்தபோது கண்ணந்தையாருக்கு இரட்டை இறகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆற்றங்கரைக்கு நேரே செல்லும் தேர் உச்சிப்பொழுதுக்கே சேர்த்துவிடும். ஆனால் அதற்கு ஒரே இறக்கம். பனங்குடி வழியாகச் சுற்றிச் சென்றால் இரண்டு இறக்கம். சற்றுத் தாமதமானாலும் வெயில் சாயுமுன் கரை சேரலாம். குடத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்த மருதியார், அவர் எந்தத் தேரைப் பார்க்கிறார் என்பதைக் கண்ணாலேயே அறிந்துகொண்டார்.

"நேரே போய்ச் சேருங்கள். அங்கே ஒரு வயதான மனிதர் தண்ணீரில் நிற்பார்" என்றார்.

இதெல்லாம் அரசுமுறை, உனக்குப் புரியாது என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணந்தையார் பனங்குடித் தேரில் ஏறினார்.

பனங்குடியில் அவர் கால் தரையில் பட்டதும் சங்கு முழங்கிற்று. அவர் எண்ணியதுபோல் இரண்டல்ல, அந்த ஒரே இறக்கத்தில் கணக்கு நிறைந்துவிட்டதென்றும், இரட்டை இறகு அங்கேயே சூட்டப்படும் என்றும் குழுவின் ஆட்கள் பணிந்து சொன்னார்கள். தேர் காத்திருக்குமா என்று அவர் கேட்கவே செய்தார். தங்களை விட்டுவிட்டுப் போகுமா என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையே அவர் உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார். கம்பளம் விரித்தார்கள். கட்டியங்காரர் அவர் பட்டங்களை ஒவ்வொன்றாகக் கூவினார். ஒன்றைத் தவறாகக் கூவியபோது கண்ணந்தையாரே நிறுத்தி, திருத்தி, மறுபடி முதலிலிருந்து கூவச் சொன்னார். இறகு சூட்டி, மூன்றாம் சங்கும் ஊதி முடிக்கையில், அவர் தலைக்கு மேலே நாரைத்தேர் வட்டமிட்டு மேற்கே திரும்பியது. தேரின் ஓரத்தில், மூட்டைக்கூலிக்கு அஞ்சித் தன் கோழியை மடிக்குள் மறைத்திருந்த உப்பு விற்கும் பெண்ணொருத்தி, கீழே நிற்பவரைப் பார்த்துக் கையை ஆட்டி அழைத்தாள். தம்மை வாழ்த்துகிறாள் என்று எண்ணி அவரும் கையுயர்த்தினார்.

அன்று எழினியார் வெயில் சாயுமுன்பே ஆற்றில் இறங்கிவிட்டதை மதகுக் காவலர் சொல்ல அறிந்தோம். நேர்த்தேர் வந்தது, தூதர் இல்லை. பனங்குடித் தேர் வந்தது, தூதர் இல்லை. கரையேறி நிற்கும்படி பின்னவர் வற்புறுத்தினார். எழினியார் வலக்கையை நீருக்குமேல் நீட்டியபடியே நின்றார்.

"கண்ணந்தை வராமல் இருக்கமாட்டான். வழியில் எவனாவது மரியாதை செய்துகொண்டிருப்பான். முடிந்ததும் வருவான்" என்றாராம்.

நண்பனைக் கேலி செய்வதற்காகச் சொன்னதுதான். கோழியோடு கரையில் இறங்கிய உப்புக்காரி அதைக் கேட்டுவிட்டு, ஆமாம், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது, அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

கண்ணந்தையார் கதிரவன் மறைந்து நிலவெழுந்தபின் வந்த அடுத்த தேரில், கூலியில்லாமல், சாளரத்தின் அருகே, கால்நீட்டி அமர்ந்து வந்தார். ஆற்றின்மேல் வரும்போதே மதகு மூடியிருப்பதை அந்தச் சாளரம் வழியாகவே நன்றாகப் பார்த்தார். கரையில் ஒருவருமில்லை. பாறையின்மேல் வாழையிலைப் பொதி ஒன்று இருந்தது. பிரித்தபோது, புளிச்சோற்றில் சரியாகப் பாதி உண்ணப்பட்டு, மறுபாதி கலையாமல் வைக்கப்பட்டிருந்தது. எறும்புகள் வந்துவிட்டிருந்தன. அவர் அவற்றைத் தட்டிவிட்டு உண்டார் என்றும், குடத்து நீரையும் ஆற்று நீரையும் குடிக்கவில்லை என்றும், இரவெல்லாம் தொண்டை காய அங்கேயே இருந்தார் என்றும் காவலர் சொல்கின்றனர். எழினியாரோ நீரில் நின்ற குளிர் காய்ச்சலாகி, தம் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டார்.

இதையறிந்து தித்தனார் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, தூதருக்கு மூன்றாம் இறகு தருவதாகச் சொன்னார். இத்தகைய துயரம் இனி நேராதிருக்கக் காத்திருப்புக்கூலி என்று புதிதாக ஒன்றையும் விதித்தார். இறகுடையார் ஒவ்வொருவராகக் கண்ணந்தையார் இல்லம் வந்து ஆறுதல் கூறி, எழும்போது, சாளரத்தருகே அவருடைய இருக்கை இனிக் காலிதானா என்று கேட்டுச் சென்றனர். அவர் இரண்டு இறகுகளையும் பிடுங்கி மருதியாரிடம் கொடுத்தார். அவை இப்போது அவர்கள் வீட்டு நெல்குதிரில் எலிவளையை அடைத்திருக்கின்றன.

அரசியாரே, சட்டப்படி மதகைத் திறக்கச் சொல்ல எமக்கு உரிமையில்லை. நாற்று இன்னும் சில நாள் தாங்கும் என்பது மட்டும் தெரியும். கைந்நீரை மறுமுறை வார்க்க அருளவேண்டும் என்றும், உடல் தேறியிருப்பின் எழினியாரை அந்த ஒரு நாளுக்கு மட்டும் அழைத்துத் தரவேண்டும் என்றும் வேண்டுகிறோம். அவர் வர மறுத்தால் அதையும் முறையென்றே கொள்வோம்.

இந்த ஓலையைக் கொண்டுவருபவர் கண்ணந்தையாரே. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறார். அவர் எந்த ஊரைக் கடந்தாலும் சங்கு ஊதலாகாது, கம்பளம் விரிக்கலாகாது, பட்டம் கூவலாகாது. தாகமென்றால் நீர் மட்டும் கொடுத்து உடனே அனுப்புக என வெண்ணெல் நாட்டு ஊர்களுக்கெல்லாம் மன்னர் ஆணை சென்றிருக்கிறது. தங்கள் எல்லைக்குள்ளும் அவ்வாறே ஆணையிட்டருள்க. ஆற்றில் இறங்கும் வரை, அவருக்கு வழியில் எவரும் மரியாதை செய்யவேண்டாம்.

இங்ஙனம் மன்னர் அலங்கல்வேளாரின் நெற்கதிர் முத்திரை, ஈரம் வற்றிவரும் நாற்றங்கால் மண்ணில் பதித்து இடப்பட்டது.