இடுக்கியால் இழுத்த நூல்

மார்ச் 9, ஞாயிறு

கப்பல் மாதிரிகள் செய்ய எங்களுக்குக் கற்றுத்தந்த சாருக்கு இன்று கள்ளக்குறிச்சியில் நினைவுக் கூட்டம். ஓய்வுபெற்ற நடத்துநர் முருகேசன் தன் முதல் கப்பலை அவர் படத்தின் முன் வைத்தார். பாய்மரக் கயிறுகளை முடிச்சுப் போடாமல் பசையால் ஒட்டியிருந்தார்.

முடிச்சு தாங்குகிறதா என்று பார்க்க சார் செய்வதுபோலவே இடுக்கியால் ஒரு நூலை இழுத்தேன். எல்லாம் உரிந்துவந்து பாய்மரம் சரிந்தது.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? ஆறு மாசமா செஞ்சிக்கினு இருந்தேன்."

"ஒட்டத்தான் தெரியும்னா காகிதப் பூ செய்யுங்க" என்றேன், சார் சொல்வதுபோலவே.

எல்லோரும் சிரித்தார்கள். "சாரே எழுந்து வந்தாப்ல கீது!" என்று ஒருவர் கைதட்டினார்.

என் முதல் கப்பலை சார் இப்படி உடைத்த அன்று நான் கழிவறையில் போய் அழுதேன். முருகேசன் எல்லோர் முன்னாலும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். நான் குனியவில்லை. அந்தக் கைதட்டல் இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது.