பத்துப் பேருக்கான புகையடுப்பு

மே 11, 2025, ஞாயிறு

வைகுண்டராஜின் வெல்டிங் பட்டறைக்குப் போய் வந்தேன். பக்ரீதுக்கு ஒரு ஸ்மோக்கர் செய்து தரச் சொல்லியிருக்கிறேன். அடியில் கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே கம்பி வலை, மூடி. கறி நெருப்பில் படாமல் சூட்டிலும் புகையிலுமே நாலைந்து மணி நேரம் வேகும். சவூதியில், தமாமில் வேலை பார்த்தபோது அண்ணனும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை இப்படிச் சாப்பிட்டோம். அண்ணன் எலும்பைக்கூட விடவில்லை.

"அகலம் எம்புட்டுண்ணே? பதினாலு இஞ்சா, பதினெட்டா, இருபத்திரண்டா?" என்றார் வைகுண்டராஜ். பதினாலு மூன்று நாலு பேருக்கு. பதினெட்டு ஆறேழு பேருக்கு. இருபத்திரண்டு என்றால் பத்துப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பெயிண்ட் கடை வைத்து ராஜபாளையத்துக்கே சதுர அடிக் கணக்குச் சொல்கிறவன், இதைச் சொல்ல முடியாமல் முழித்தேன்.

மே 13

சுமையா சிரிக்கிறாள். "வீட்ல நீங்க, நான், பிள்ளை. மூணு பேருக்கு எதுக்குங்க பாய்லரு?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டில் ஏழு பேர் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாள்.

மே 16

பெரிய அடுப்பில் கொஞ்சமாகக் கறி வைத்தால் கரிதான் தண்டமாம். சூட்டையும் ஒரே சீராக நிறுத்த முடியாதாம். பதினெட்டில் முடித்துவிடலாம் என்றார் வைகுண்டராஜ். ஆறேழு பேர் என்றால் அண்ணன் வீட்டில் யாரை விடுவது?

அண்ணன் என்னோடு பேசி இரண்டு வருஷம். அப்போது எங்களைப் பெற்ற அத்தாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரி வேணாம்" என்று அத்தாவே சொன்னார்கள். அண்ணனும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் மதுரைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அழகாபுரி தாண்டும்போது உயிர் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று கலிமா சொல்ல, நிம்மதியாகப் போக வேண்டிய உயிர். என்னால் ரோட்டில் போனது.

காப்பாற்றத்தானே கொண்டுபோனேன்? யாரிடம் கேட்கிறேன் இதை?

மே 19

இருபத்திரண்டு. சொல்லிவிட்டேன். பழைய எண்ணெய் பேரல் அதே அகலத்தில் இருக்கிறதாம். ஜூன் ரெண்டாம் தேதி வெட்டுவாராம்.

மே 24

அண்ணனுக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். பெருநாளைக்கு எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள், ஸ்மோக்கர் செய்கிறேன் என்று. ஏழு தடவை அழித்து, எட்டாவது தடவை அனுப்பினேன்.

மே 25

கேட்டுவிட்டார். நீல டிக். பதில் இல்லை.

மே 28

சுமையாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "கூடப்பிறந்த அண்ணன செல்லுலயா அழைப்பாக? தெருவுல உள்ளவுகளுக்கே வீடு தேடிப் போயி சொல்லுதோம். சோடியாப் போயி அழைக்கணும்ங்க!"

அவள் சொல்வது சரிதான். நேரில் போகப் பயம். மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்திவிட்டால்? அந்தப் பயத்தில் செய்த வேலை வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனோம். பைக்கில் இருபது நிமிஷம். வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகிக்கொண்டே போனேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன்.

அண்ணன் வாசலுக்கு வந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க, உக்காருங்க" என்றார். சுமையாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைத்தான்.

பிறந்ததிலிருந்து "ஏலே அனஸு" தவிர வேறு கூப்பிட்டதில்லை அவர். தமாமில் அதிகாரி முன்னாலும் ஏலேதான்.

மெகராஜ் மதினி டீ கொண்டுவந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். நான் ஆரம்பித்தேன்: "அண்ணே, அன்னிக்கு அத்தாவ நான்—"

"அதெல்லாம் எதுக்குங்க இப்ப. டீ ஆறுது, குடிங்க."

பெருநாளைக்கு வரச் சொன்னேன். "பாப்போம்ங்க" என்றார். கேட் வரை வந்து வழியனுப்பினார். "பாத்துப் போங்க."

திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம். விருந்தாளியாக்கி அனுப்பிவிட்டார். வரும் வழியில் பைக்கை நிறுத்தி அழுதேன். சுமையா முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 2

காலையிலேயே பட்டறைக்குப் போனேன். பேரலில் சாக்பீஸால் கோடு போட்டு, வெட்ட எடுத்துவிட்டார். நிறுத்தச் சொன்னேன்.

"என்னண்ணே, பதினெட்டா?"

"பதினாலு."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு தகட்டை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

ஜூன் 5

ஸ்மோக்கர் வந்துவிட்டது. சுமையா துடைத்து மாடியில் வைத்தாள். மகள் அதைத் தட்டிப் பார்த்து, "குட்டியா அழகா இருக்கு அத்தா" என்றாள்.

ஜூன் 7, பக்ரீத்

தொழுதுவிட்டு வந்து குர்பானி கொடுத்தோம். கறியை மூன்று பங்காக வைத்தேன். ஏழைகளுக்கு, உறவுக்கு, வீட்டுக்கு. உறவுப் பங்கை என்ன செய்ய என்று சுமையா கேட்டாள். அண்ணன் வீட்டுக்குத்தான், பக்கத்து வீட்டு மகாலட்சுமி அக்கா மகன் அந்தப் பக்கம் போகிறான், கொடுத்துவிடு என்றேன்.

வேலிக்கருவைக் கரி நன்றாகப் பிடித்தது. பத்து மணிக்கு மூட்டியது, மூன்று மணிக்கு வெந்துவிட்டது. அதுவரை மாடியிலிருந்து ரோட்டைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். நாலரைக்கு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

எல்லாம் தீர்ந்தது. ஒரு துண்டு மிச்சமில்லை. அளவு சரியாக இருந்தது.