ராகுகாலத்தில் ஓய்ந்த டெலிபோன் லைன்

மாசி, வியாழன்

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய் ரேஷன்தான். வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் சரசுவிடம் திட்டு.

பட்டணத்திலிருந்து உத்தரவு. சேலத்துக்கு நம் ஊரிலிருந்து ஒரே டெலிபோன் லைன். இரண்டாவது கேட்டு வியாபாரிகள் மனுப் போட்டிருந்தார்கள். நாளை வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை, எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எண்ணி அனுப்ப வேண்டும். பட்டணத்தில் அதுதான் நெரிசலான நேரமாம். இங்கே அது ராகுகாலம்! புளி மண்டிக்காரர் ஒருவரும் போனைத் தொடமாட்டார்.

போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். "ராகுகாலம்னு சர்க்கார் தாள்ல எழுதச் சொல்றியா? கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுப்பா."

இரண்டாவது லைன் வந்தால் இன்னொரு ஆபரேட்டர் வேண்டும், என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் பங்குனியோடு வீட்டுக்கு. சரசுவுக்கு ஏழாம் மாதம். அவளிடம் சொல்லவில்லை.

நாள், நேரம், சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. எரிச்சல்தான்.

வெள்ளி

தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒரே ஒரு அழைப்பு. பிறகு ஈ ஓட்டினேன்.

பன்னிரண்டு அடித்ததும் டெலிபோன் பலகையில், யாராவது லைன் கேட்டால் விழும் மூடிகள் படபடவென்று விழுந்தன. ஒவ்வொரு மூடியும் ஒரு மண்டி. மண்டிக்காரர் பெரியசாமி கத்தல்: "ஏனுங்க, வெல எறங்கறதுக்குள்ள லைனு குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

இதெல்லாம் கணக்கில் சேராது.

அடுத்த புதன்

மோசம். இருக்கிற லைனே அதிகம் என்று பதில். சேலம் இன்ஸ்பெக்டர் வெள்ளியன்று நேரில் பார்த்து முடிவு சொல்வாராம். அதே பத்தரை!

சரசு: "மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" பல்வலி என்றேன். கிராம்பு கொடுத்தாள். கடித்தேன், வேறு வழி?

வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். பெரிய உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு மூடியும் அசையவில்லை. "இதுக்கா ரெண்டாவது லைனு?"

பதினொரு மணி சுமாருக்கு அவரே: "பொண்ணுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கு. சேலத்துல மாப்பிள்ளை வூட்டுக்குச் சம்மதம் சொல்லணும்."

"லைன் சும்மாதாங்க இருக்குது. இப்பவே போடட்டுங்களா?"

கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப வேணாம். பன்னெண்டு தாண்டட்டும்."

போஸ்ட்மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பன்னிரண்டு. எல்லா மூடியும் ஒரேயடியாக.

"என்னுதைப் போடுப்பா."

"மண்டிக்காரங்க முந்திக்கிட்டாங்க. வரிசைப்படிதாங்க குடுக்கணும்."

ஒன்றரைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. சட்டை நனைந்துவிட்டது. பேசி முடித்ததும் சிரித்தார். "தெனமும் ராகுகாலம் முடிஞ்சா இதே கூத்துதானா?"

"ஆமாங்க."

"மொதல்லயே எழுதறதுக்கென்ன?"

போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கோந்துப் புட்டியைப் பார்த்தார்.

இரண்டாவது லைனுக்கு இன்ஸ்பெக்டர் சிபாரிசு. அப்பாடா! சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். பிறகு, "என் கிராம்பைத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

பங்குனி, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. முதல் தபாலில் லைனுக்கு அனுமதியும் வந்தது, என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவும் வந்தது. மணி எட்டேகால். "கையெழுத்துப் போட்டுக் குடுப்பா" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

பேனாவைத் திறந்தேன். திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பது வரை.

நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் சரசுவுக்கு எட்டாம் மாதம்.

மூடி வைத்துவிட்டேன். ஒன்பது அடிக்கட்டும்.